கோரமண்டலிலிருந்து விமானம் பூட்டும் இடத்துக்கு: நாலு ஊக்கும் ஒரு இறக்கையும்

விமானத்தில் ஏறிப் போய் வந்ததைப் பற்றி நிறைய பேர் எழுதுகிறார்கள். நான் ஏறினதில்லை. அதை எப்படிப் பாகம் பாகமாகப் பூட்டுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். என் மருமகள் வாணிக்குப் பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலை. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை வேலைக்காரர்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பாஸ். மகனுக்கு அன்றைக்கு ஷிப்ட், அதனால் நான் வாங்கிக்கொண்டேன்.

வாணிமேல் எனக்குப் பதினோரு வருஷக் கோபம் ஒன்று உண்டு. கல்யாணமாகி மூணாவது வாரம், நான் கண் ஆபரேஷனுக்குக் கோலார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் அடுக்களை டப்பா எல்லாம் இடம் மாறியிருக்கிறது. முதலில் எடுப்பது அடுப்புக்குப் பக்கத்தில், அப்புறம் எடுப்பது அப்புறம் என்று வரிசையாக வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு கண்ணில் கட்டு. கை பழக்கத்தில் உப்பு இருந்த இடத்துக்குப் போனது. அங்கே இருந்தது சோடா உப்பு. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அன்றிலிருந்து அவள் எங்கே வைத்தாலும் உப்பு டப்பாவை மட்டும் பழைய இடத்துக்கே நகர்த்திவிடுவேன்.

எங்க தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ஆறு பத்துக்கு ரயில் ஏறினேன். வாணி முதல் நாளே போய் ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். கிருஷ்ணராஜபுரத்துக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். நம்ம பக்கம் ஏறினால் சீட்டு கிடைக்கும். பங்காருபேட்டையில் ஏறினால் கடைசி வரைக்கும் நிற்க வேண்டியதுதான். எட்டு இருபதுக்கு இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ ஒன்பது கிலோமீட்டர். இருநூற்றைம்பது கேட்டார், இருநூறு கொடுத்தேன்.

"இன்னாம்மா, பிளேன் ஏறப் போறீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஏறல. சரியா முடுக்கறாங்களான்னு பாக்கப் போறேன்."

"அப்ப ஸ்ட்ராங்கா பாருங்கம்மா. அடுத்த மாசம் என் தங்கச்சி துபாய் போறா!"

வாசலில் வளையல், மோதிரம், செல்போன் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். கழற்ற முடியாததை மட்டும் ஒரு பெண் சீட்டில் எழுதினாள். எனக்குப் புடவையில் நாலு ஊக்கு: தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று, முந்தானை ஓரத்தில் உபரியாக ரெண்டு.

"இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டேன்.

"உள்ள ஒரு ஊக்கு விழுந்து, ஓடற கம்பியில சிக்கினா பிளேனே விழும் ஆயா. நாலு போச்சுன்னா நாலு வரணும்" என்றாள்.

கூடம் கோயில் மண்டபத்தைவிட உயரம். வரிசையாக நாலு இடம், இடத்துக்கு ஒரு விமானம். முதல் இடத்தில் விமானத்தின் வயிற்றுக்கூடு மட்டும். ரெண்டாவதில் வால். மூணாவதில் இறக்கை. நாலாவதில் இன்ஜின். ஒரு இடத்து வேலை முடிந்தால்தான் அடுத்த இடத்துக்கு இழுக்க முடியும். ஒன்று நின்றால் பின்னால் இருப்பது எல்லாமே நிற்கும். நம்ம சுரங்க ஷாஃப்ட்டில் ஆளை இறக்குகிற கேஜ் ஒன்று மாட்டிக்கொண்டால் மொத்த ஷிப்டும் மாட்டிக்கொள்ளுமே, அதே கதைதான்.

வாணி மூணாவது இடத்தில் இருந்தாள். இறக்கை பூட்டுகிறவர்கள் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஏணியில் இறங்கி, ஸ்டோருக்கு நடந்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, திரும்ப ஏறிக்கொண்டிருந்தார்களாம். ஒரு இறக்கைக்கு எத்தனை தடவை இறங்குகிறார்கள் என்று இவள் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறாள். அறுபத்து மூணு தடவை. அதனால் ஒரு தள்ளுவண்டி செய்ய வைத்திருக்கிறாள். அதில் கறுப்பு மெத்தை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தில் குழி வெட்டி, எடுக்கிற வரிசையிலேயே அடுக்கியிருக்கிறது. பார்த்ததும் எனக்கு நம்ம அடுக்களைதான் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"மூணு பிளேன்ல செஞ்சு காட்டுன்னாங்க அத்த. ஒண்ணு சரியா வந்துச்சு, ஒண்ணு லேட்டு. இன்னைக்கு இது மூணாவது. ஒரு மணிக்குள்ள முடிச்சா எல்லா இடத்துக்கும் வண்டி. இல்லன்னா பழையபடி ஏணிதான்" என்றாள். அப்போது மணி பதினொண்ணரை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏணியில் ஏறினதும் எனக்கு அந்த மெத்தை பஞ்சா ரப்பரா என்று தெரிய வேண்டியிருந்தது. முந்தானை ஊக்கு ஒன்றை எடுத்து ஒரு காலிக் குழியில் குத்திப் பார்த்தேன். மெத்தென்று இறங்கியது. அதற்குள் "இன்ஜின் பாக்கறவங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வாசலுக்கு வந்தேன். அந்தப் பெண் எண்ணினாள். "மூணுதான் ஆயா இருக்கு."

எங்கே விட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் என் வியாதி. "மூணுதாம்மா கொண்டாந்தேன், நீ தப்பா எழுதிட்ட" என்றால் கிழவியோடு யார் சண்டை போடப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால் வேலை நிற்கும். வாணியின் வண்டி அவள் மாமியாராலேயே கெட்டது என்று ஆகும்.

எங்க ஊர் ஷாஃப்ட் வாசலில், சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் ஆணியில் மாட்டுகிற டோக்கனை எண்ணுகிறவர் ஒருத்தர் இருந்தார். பேர் தெரியும், எழுத மாட்டேன். ஒரு சாயங்காலம் ஆணியில் ஒரு டோக்கன் குறைந்தது. "எண்ணுறப்ப தப்பியிருக்கும்" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அது என் தம்பியுடைய டோக்கன். கால் உடைந்து அடுத்த ஷிப்ட் வரைக்கும் இருட்டில் கிடந்தான். உயிர் பிழைத்தான், சாகும்வரை நொண்டினான். அந்த ஆளின் சாவுக்குக்கூட நான் போகவில்லை.

"நாலுதான். ஒண்ணு இறக்கைகிட்ட வண்டியில குத்தி வச்சிருக்கேன்" என்றேன்.

பன்னிரண்டு பத்துக்கு மணி அடித்தது. எல்லாரும் இறங்கி நின்றார்கள். ஊக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்: மொத்தச் சாமானையும் எண்ணி முடிக்காமல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது. வாணி என்னைத் தாண்டிப் போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

லைன் மேனேஜர், கன்னடக்காரர், கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருத்தன் வண்டியின் காலிக் குழிகளை வாசிக்க, மேலே வேலை செய்தவர்கள் கையில் இருப்பதையும் மாட்டினதையும் சொன்னார்கள். பன்னிரண்டு இருபத்தொண்ணுக்குக் கணக்கு நேராகிவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார் மேனேஜர். போன தடவை ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் காணோமென்று எண்ணினதில் ஒரு ஷிப்டே போய்விட்டதாம். குனிந்து அந்த வண்டியைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இறக்கை வேலை ஒரு மணி பத்துக்குத்தான் முடிந்தது. பத்து நிமிஷம் தாமதம்.

திரும்பி வரும்போது ரயிலில் பங்காருபேட்டை வரைக்கும் வாணி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "அத்த, மூணுன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு விட்டிருப்பா இல்ல?" என்று கேட்டாள்.

"விட்டிருப்பா."

வாணி அங்கேயே ஜன்னல் வழியாக அரை கிலோ நிலக்கடலை வாங்கிப் பாதியை என் மடியில் கொட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள்: நாலு இடத்துக்கும் வண்டி செய்யச் சொல்லிவிட்டார்களாம். மணி பார்த்து இல்லை, பதினோரு நிமிஷத்தில் எண்ணி முடித்ததைப் பார்த்து. கூடவே, பார்க்க வருகிறவர்கள் நிற்க வேண்டிய மஞ்சள் கோட்டை ஆறடி தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். அது எனக்காக.

நீங்கள் போவதானால்: கோரமண்டலிலேயே ஏறுங்கள், ஆட்டோவுக்கு இருநூறுக்கு மேல் கொடுக்காதீர்கள், தட்டையான செருப்பு போடுங்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் இன்ஜின் பக்கத்துப் படியில் ஏற வேண்டாம். ஊக்கு ரெண்டு போதும், உபரி வேண்டாம். வெளியே வரும்போது எத்தனை என்று கேட்டால், கொண்டுபோனது எத்தனையோ அதைச் சொல்லுங்கள்.

உப்பு டப்பா இப்போது அவள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. சோடா உப்பை நான் மன்னிக்கவில்லை.