போர்வைக்குள் இருமல்

இன்று எங்கள் மலையூரான ரிங்லெட்டில், ஒரு மருந்துக்கடையில் ஒருவர் ஹோமியோபதி போத்தலின் மூடியைத் திருகினார். ஸ்பிரிட்டும் சீனியும் கலந்த அந்த வாசனை, இப்போது தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைனில் இருந்த பலகை வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது.

அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுபவர். வேலை முடிந்து குளித்ததும், லைன்காரர்களுக்கு மருந்து கொடுக்கத் தன் ஹோமியோபதிப் பெட்டியைத் திறப்பார். நெஞ்சுச்சளியோடு வருபவர்கள் மருந்து உருண்டைகளைக் கையால் தொடக்கூடாது. மூடியில் தட்டி, நேராக நாக்கில் போடுவார். குளிருக்கு லைனில் எல்லோரும் மார்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தைத் தொட்டால் மருந்து முறிந்துவிடும் என்பார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருமிக்கொண்டிருப்பேன்.

"என்னண்ணே, சொந்த மகளுக்கே இருமல் நிக்கல, எங்களுக்கு நிக்குமா லா?" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஒருநாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

என் நெஞ்சு அப்பாவின் மானத்தை வாங்குகிறதே என்று வெட்கமாக இருந்தது. அதன்பின் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே போர்வையை வாயில் திணித்துக்கொள்வேன். ஒரு மாலை அப்படி மூச்சு முட்டிக் கிடந்தபோது அப்பா உள்ளே வந்து பார்த்துவிட்டார்.

"இருமும்மா, சத்தமா இருமு!"

காத்திருந்தவர்களிடம், "எல்லாரும் கிளினிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லோரிக்கு ஓடினார். அந்தப் பெட்டியை அவர் மறுபடி திறக்கவில்லை.

இன்றும் டாக்டர் முதுகில் குழாயை வைத்து இருமச் சொன்னால், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இருமுகிறேன்.