எதிர்ப்பக்கத்தை முதலில் சொன்ன துறவி

ஈரக் கோட்டு வாடையும் மீன்குழம்பு வாசமும் கலந்து கிடக்கும், லா சப்பலில் இருந்த எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு, பாரிசில் முன்னமே இருந்த அப்பாவிடம் நானும் அம்மாவும் வந்து சேர்ந்திருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது.

எழுநூறு வருடங்களுக்கும் முன் இதே பாரிசில் படிப்பித்த ஒரு துறவியைப் பற்றிச் சரித்திர ஆசிரியை சொன்னார். பெரிய உடம்பு, பேச்சுக் குறைவு. கூடப் படித்தவர்கள் "மாடு" என்று பட்டம் தெளித்தார்களாம். பிரெஞ்சு வராமல் வாய்மூடி இருந்த எனக்கு அந்த மனிசனை உடனே பிடித்துவிட்டது. அதைவிடப் புதினமானது அவர் எழுதிய விதம். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கே, இல்லை என்பவர்களின் காரணங்களைத்தான் முதலில் எழுதுவாராம். தன் பதில் பிறகுதான். கடவுளுக்காக வாழ்ந்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று படியேறும்போதெல்லாம் யோசிப்பேன்.

அந்த நேரம், ஆங்கிலப் படிப்புக்காக எங்கள் ஆட்கள் பலர் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்திருந்த அப்பாவும் எங்களைக் கூட்டிப்போக நின்றார். எனக்கு விருப்பமில்லை. ஒருநாள் சாப்பிடும்போது துறவியின் முறையில் தொடங்கினேன்.

"லண்டனிலை இங்கிலீசு படிக்கலாம். சித்தப்பா இருக்கிறார். கோயிலும் கிட்ட."

அப்பா கையும் கழுவாமல் எழும்பிச் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துவிட்டார். "டேய், பெடியனும் ஓமெண்டிட்டான்! வீட்டைப் பார்!"

"அப்பா, இன்னும் முடியேல்லை! அது உங்கடை பக்கம். என்ரை பக்கம் இனித்தான்."

"என்ரை பக்கத்தை நீ ஏனடா சொல்லுறாய்? எனக்கு வாயில்லையோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு. "இருந்து கேளுங்கோவன். லண்டன் ஓடிப் போகாது."

வகுப்பில் பகிடி விளங்கிச் சிரிக்கத் தொடங்கியே ஒரு மாதம்தான், இனி இன்னொரு மொழியில் திரும்பவும் ஊமையாக இருக்க ஏலாது என்றேன். அப்பா வாய் திறந்தார். "முதல் நான் சொன்னதைச் சொல்லுங்கோ, பிறகு பதில்" என்றேன்.

"சரி. பெடியன் என்ன சொல்லுறான் எண்டா, இஞ்சை இப்பத்தான் சிரிக்கிறானாம். அங்கை போனா..."

போனுக்குள் சித்தப்பா "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"வாற வருசம் பாப்பமடா" என்று அவரிடம் சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

அந்த வாற வருசம் வரவேயில்லை. இப்போது அந்தக் கட்டிடமும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒன்று மட்டும் பிந்தித்தான் எனக்கு உறைத்தது. அவருடைய பக்கம் என்று நான் சொன்ன மூன்றும் நானாக நினைத்தவை. ஏன் போக ஆசைப்படுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலாவதாக ஒன்று சொல்லியிருப்பாரோ என்னவோ.