அண்ணி கட்சி மாறிய கதை

அண்ணிக்குச் சொந்தமாக ஒரு கணவரும் ஒரு ஸ்டூடியோவும் உண்டு. இரண்டில் எதைப் பற்றிக் குறை சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார். தன் கேமரா கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் மட்டும் முகம் சுருங்கிவிடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரே கம்பெனி கேமராதான். போட்டிக் கம்பெனிக்கு அந்த வீட்டில் 'எதிர்க்கட்சி' என்று பேர். தெருவில் மருந்துக் கடைக்காரர் முதல் பள்ளித் தலைமையாசிரியை வரை எல்லோருமே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரை அண்ணி என்று கூப்பிட உண்மையிலேயே உரிமை உள்ள ஒருத்தியின் குரல் தெருமுனை வரை கேட்கும் என்பதுதான் காரணம்.

அந்த ஒருத்தி வாலு, அண்ணியின் கணவருக்குத் தங்கை. சின்ன வயதில் வீட்டிலுள்ள கடிகாரத்தையெல்லாம் பிரித்துப் போட்டதால் வந்த பேர், முப்பதை நெருங்கியும் அவளை விடவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை ஸ்டூடியோவில் ஒத்தாசையாக இருக்கிறேன் என்று வந்தாள். வருடங்கள் ஓடிவிட்டன, வேறு வேலையை அவள் தேடவே இல்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் மண்டை உடையும் என்று அக்கம்பக்கம் ஆவலாகக் காத்திருந்தது. பாவம், ஏமாந்துபோனார்கள்.

பள்ளி நாடகம், நடனப் போட்டி, பரிசளிப்பு என்று மேடை நிகழ்ச்சிகளைப் படம் பிடிப்பதுதான் இவர்கள் பிழைப்பு. ஆளுக்கொரு கேமரா, ஆனால் லென்ஸ் பை ஒன்றுதான். ஒருவர் மேடைக்கு நேர் எதிரே உட்காருவார், ஒருவர் பக்கவாட்டில் நிற்பார். பாதியில் இடம் மாறும்போது தூரத்து முகத்தைக் கிட்டே கொண்டுவரும் நீள லென்ஸும் கை மாறும். இருட்டில் ஒருவர் நீட்ட, மற்றவர் வாங்கிக்கொள்வார். பேச்சே கிடையாது. வீட்டில் பேசுவதே போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

தொல்லை மேடை விளக்கில் ஆரம்பித்தது. பள்ளிகளெல்லாம் இப்போது மங்கலாக ஒரு நீல வெளிச்சத்தைப் போட்டுவிட்டு அதைக் கலை என்கின்றன. அண்ணியும் வாலுவும் வைத்திருந்தது, வெளிச்சத்தை வாங்கும் சென்சார் சின்னதாக உள்ள கேமரா. அந்த வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. பிள்ளைகளுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறதே என்று தலைமையாசிரியை மிக நாசூக்காகச் சொல்லிவிட்டார். இனி பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்காமல் தீராது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. எந்தக் கம்பெனி என்பதில்தான் இழுபறி.

வாலுவின் வாதம் இது. பையில் உள்ள லென்ஸெல்லாம் சின்ன சென்சாருக்கென்றே செய்தவை. பெரிய கேமராவில் மாட்டினால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். நீள லென்ஸ் ஒன்றுதான் தேறும். எப்படியும் மற்றதைப் புதிதாக வாங்கத்தான் வேண்டும். அப்படியிருக்க, எவ்வளவு இருட்டிலும் முகத்தை விடாமல் பிடிக்கிற எதிர்க்கட்சிக் கேமராவையே வாங்கினால் என்ன? கேள்வி நியாயமாக இருந்ததுதான் அண்ணிக்கு எரிச்சல்.

உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் உன் இஷ்டம் என்றால் கூடாது என்று அர்த்தம். அது புரிய அவர் கணவருக்கே வெகுகாலம் பிடித்தது.

உண்மையில் அண்ணிக்குக் கம்பெனிமேல் அப்படியொன்றும் காதல் இல்லை. இருந்தது வேறொரு பயம். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்டாது, வாலு கட்சி மாறினால் லென்ஸ் பை இரண்டாகும். பை இரண்டானால் அவள் அண்ணியை எதற்கும் எதிர்பார்க்க வேண்டாம். தனியாக நிகழ்ச்சி பிடிக்கலாம், தனி ஸ்டூடியோ போடலாம். கெட்டிக்காரி, போட்டால் நன்றாகவே ஓடும். அவள் இல்லாத ஸ்டூடியோவை அண்ணியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் விட்டுப் போய்விடாதே என்று நாத்தனாரிடம் எந்த வாயால் கேட்பது? ஆகவே எதிர்க்கட்சிக் கேமராவில் பட்டன் சரியில்லை, பிடிக்க வாகாக இல்லை என்று கணவரிடம் புலம்பினார். கையில் எடுத்தே பார்க்காத கேமராவைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவரும் தலையாட்டினார்.

வாலு சும்மா இருப்பாளா? ஒரு நடன நிகழ்ச்சிக்கு எதிர்க்கட்சிக் கேமராவையும் அதன் லென்ஸ் ஒன்றையும் வாடகைக்கு எடுத்து வந்தாள். பாதி நிகழ்ச்சிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு அண்ணி வழக்கம்போல வந்து நீள லென்ஸை நீட்டினார். வாலுவும் வழக்கம்போல வாங்கி, கேமராவில் இருந்ததைக் கழற்றிப் பையில் போட்டு, மேடையைப் பார்த்தபடியே இதை வைத்துத் திருகிவிட்டுக் கையை எடுத்தாள். அது வேறு கட்சிக் கேமரா என்பது கொடுத்தவருக்கும் நினைவில்லை, வாங்கியவளுக்கும் நினைவில்லை. மாட்டாத லென்ஸ் மடியில் விழுந்து, தரையில் இறங்கி, சரிவான அந்த அரங்கில் முன்வரிசை நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. மேடையில் இசை நின்று குழந்தைகள் சிலையாக நிற்கும் நேரம் வேறு. கடகடவென்று சத்தம் போகப் போக, எலி என்று நினைத்துப் பெற்றோர் வரிசையாகக் காலைத் தூக்கினார்கள்.

வாடகைக் கேமராவைத் திறந்தபடியே நாற்காலியில் போட்டுவிட்டு வாலு தரையில் தவழ்ந்தாள். எதிர்ப்பக்கமாக அண்ணியும் தவழ்ந்து வந்தார். நடுவில் இருவர் தலையும் மோதிக்கொண்டன.

"உங்க லென்ஸு போச்சு அண்ணி," என்றாள் வாலு. குரல் அழுதுவிடும்போல இருந்தது.

"அது கிடக்கட்டும். கேமராவைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கியே, உள்ள தூசி போகும். முதல்ல போய் மூடு."

கடைசிக் காட்சி முழுவதும் இவர்கள் தலைக்கு மேலே நடந்து முடிந்துவிட்டது. பிறகு குழந்தைகளைக் கெஞ்சி மறுபடி ஆடவைத்து எடுத்தார்கள். குழந்தைகளுக்கு அதில் பரம சந்தோஷம். லென்ஸின் விளிம்பு லேசாக நசுங்கியிருந்தது, கண்ணாடிக்குச் சேதமில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போடும்போதே வாலு முடிவைச் சொல்லிவிட்டாள். நம்ம கம்பெனியிலேயே வாங்கிவிடலாம், கை மாற்றிக்கொள்ள முடியாவிட்டால் தனக்கு வேலையே ஓடாது என்றாள். அண்ணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேட்காமலே கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியோடுதான் திரையைப் பார்த்தார்.

ஒரே சிறுமி, ஒரே நடன அடியில், இரண்டு கேமராவிலும் இருந்தாள். அண்ணியின் படத்தில் நீலப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு முகம் இருப்பது தெரிந்தது. வாலுவின் படத்தில் அந்தப் பிள்ளை நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் அடி எண்ணுவது தெரிந்தது. அண்ணி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பயத்துக்காக இப்படிப்பட்ட படங்களையெல்லாம் இழக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"பட்டன் சரியில்லைன்னு சொன்னதெல்லாம் பொய்டி," என்றார். "நீ தனியாப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

வாலு திரையிலிருந்து திரும்பினாள். "தனியாவா? எனக்கு ஒழுங்கா ஒரு பில் போடக்கூடத் தெரியாதே அண்ணி."

அடுத்த வாரமே இருவரும் கேமரா கடைக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தார்கள். நீள லென்ஸ் உட்பட அத்தனையும் மேஜைக்கு வந்தது. அதையெல்லாம் கொடுத்து, சேமிப்பையும் வழித்தெடுத்ததில் எதிர்க்கட்சிக் கேமரா இரண்டும் லென்ஸ் இரண்டும் வந்தன. கடைக்காரர் ஸ்டூடியோ பேரில் பில் எழுத ஆரம்பித்தார். அண்ணி அவரை நிறுத்தி, ஒரு கேமராவையும் இரண்டு லென்ஸையும் தனி பில்லில் எழுதச் சொல்லி, வாலுவின் முழுப்பேரைக் கொடுத்தார். அவர் வாயால் அந்தப் பேரைக் கேட்டு வாலுவுக்கே ரொம்ப நாளாகியிருந்தது.

"லென்ஸ் ரெண்டுமே எனக்கா? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உன்கிட்ட கேட்டு வாங்கிப்பேன்," என்றார் அண்ணி.