குனியக் கூடாத கழுத்து

வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் சலூன்காரர். ஒரு தலை எழுந்து அடுத்த தலை வந்து உட்காருவதற்குள் அப்படிக் கொஞ்சம் நின்றால்தான், தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கிற வலி சற்றே அடங்கும்.

"என்ன மாமா, தலையில கை வெச்சிட்டீங்க? குடி முழுகிப்போச்சா?"

"இன்னும் கணுக்கால் அளவுதான்டா. நீ உக்காரு."

கழுத்தெலும்புக்கு நடுவே நரம்பு சிக்கி நசுங்குகிறதாம். டாக்டர் கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு கிளம்புவார். கடைப்படி ஏறுமுன் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவார். மனைவி கேட்டால், "கழுத்துல பட்டை போட்டவன்கிட்ட எவன்டி கழுத்தக் குடுப்பான்?" என்பார்.

மற்றபடி சொன்ன பேச்சுத் தட்டாதவர்தான். தலையணையைத் தாழ்த்தினார். காலையில் வெந்நீர் ஒத்தடம். பிறகு சுவரோடு முதுகு ஒட்டி, மோவாயை உள்ளே இழுக்கிற பயிற்சி. குனியக் கூடாது என்றதும் நாற்காலிக்கடியில் பலகை அடுக்கிவிட்டார். மீசை நரைத்தவர்களெல்லாம் கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். வலியும் பாதி வடிந்தது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தது மரத்ததுதான். "உணர்ச்சி திரும்புற வரைக்கும் கத்தரியோட நிறுத்திக்குங்க. கத்தி வேணாம்" என்றார் டாக்டர். அதை மட்டும் சலூன்காரர் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. சவரம் இல்லாத கடையை எவன் எட்டிப்பார்ப்பான்?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார், மனைவியின் மூத்த அண்ணன். தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து இந்தக் கை தவிர வேறு கைக்குக் கன்னம் காட்டாத மனிதர். மகள் பிரசவம், பேரன் மூக்கு யார் மூக்கு என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்க, வலக்கன்னம் மழித்து முடிந்தது. தாடையோரம் நுரை சிவந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் கத்தி இறங்கியிருப்பதே சலூன்காரருக்குத் தெரிந்தது. விரல் ஒன்றும் சொல்லவில்லை.

"மச்சான்... சொல்லக் கூடாதா?"

"எறும்புக்கடி. நீங்க செய்யுங்க மாப்ளே."

"எறும்பா இது?"

மச்சான் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்: "போன தடவையும் காதுக்கடியில பட்டுது. துண்டால அமுக்கிட்டுப் போயிட்டேன். அதுக்கென்ன, நம்ம கைதானே? வெளியாளு யாருக்குத் தெரியப்போவுது?"

சலூன்காரர் கத்தியை மடித்தார். ஈரத் துண்டை எடுத்து, இன்னும் மழிக்காத இடக்கன்னத்து நுரையை மெல்லத் துடைத்துவிட்டார்.