டிக்கியில் ஒட்டிய ஷீட்

எதிர்வீட்டு அக்கா உப்பளத்தில் வேலை செய்பவர். விடியும் முன்பே கிளம்பிப் போய், வெயில் ஏறியதும் திரும்பி வந்து, மதியம் தூங்குவார். நான் பழைய கார் ஒன்றை வாங்கி டிக்கியில் சப்வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரை வைத்த பிறகு அந்தத் தூக்கம் கெட்டது. எனக்கு லீவு சனி, ஞாயிறு. மதியம் முழுக்க வாசலில் வண்டியை நிறுத்திப் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை வந்து நின்றார்.

“தப்பா எடுத்துக்காத தம்பி. உன் பாட்டுக்கு எங்க வூட்டு பாத்திரம்லாம் ஆடுது. கண்ண மூட முடியல.”

டிக்கித் தகடு கடகடவென்று அதிர்ந்து பாட்டைக் கெடுக்கிறதே என்று, தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் வாங்கி வைத்திருந்தேன். “உங்களுக்காகத்தான்க்கா ஷீட் வாங்கியிருக்கேன். ஒட்டிட்டா சத்தம் வெளிய வராது” என்றேன். ஒட்டினால் தகடு அதிராது, அவ்வளவுதான். பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் முன்பைவிட நன்றாக எழும், சுவரைத் தாண்டியும் போகும். அது தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் தூங்காமல் உதவிக்கு வந்துவிட்டார். டிக்கியைத் துடைத்துக் கொடுத்தார். நான் ஷீட்டை வெட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கி வைக்க வைக்க, அடியில் காற்று தங்காமல் கையாலேயே அழுத்தினார். ஷீட்டின் அலுமினிய ஓரம் அவர் விரலை ஆழமாகக் கீறிவிட்டது. நான் பதறினேன். “வுடு தம்பி, எனக்காகத்தான செய்யற” என்று முந்தானையைச் சுற்றிக்கொண்டார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லாமல் அடுத்த ஷீட்டை வெட்டினேன்.

அதன்பிறகு அவர் குறை சொல்லி வரவில்லை. ஒருவேளை நிஜமாகவே சத்தம் குறைந்துவிட்டதோ என்று நினைக்கக்கூடத் தொடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, பஸ் ஸ்டாப்பில் அவருடைய மகளைப் பார்த்தேன். “அம்மா ஊர்ல இல்லியா? லீவு நாள்ல ஆளையே காணோம்” என்றேன்.

அவள் தயங்கினாள். “சனி ஞாயிறுல உப்பளத்துக் கொட்டாயிலயே சாக்கு விரிச்சுப் படுத்துக்குதுண்ணா. சத்தம் அப்படியேதான் இருக்குது. நமக்காக அவ்ளோ செஞ்ச புள்ளகிட்ட திரும்பப் போய் எப்படி சொல்றதுன்னுது.”

அன்று சாயங்காலமே போனேன். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஷீட் உங்களுக்காக வாங்கலக்கா. பாட்டு நல்லா கேக்கணும்னு வாங்கினேன். சத்தம் குறையாதுன்னு எனக்குத் தெரியும்.”

வாளியைக் கீழே வைத்தார்.

“கை கிழிஞ்சு பத்து நாளு உப்புத்தண்ணியில எரிஞ்சிச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி.”

அந்த வாரமே சப்வூஃபரைக் கழற்றி விற்றுவிட்டேன். அக்கா இப்போது மதியத்தில் வீட்டில்தான் தூங்குகிறார். பார்த்தால் “சாப்ட்டியா?” என்று கேட்கிறார். போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று இருவரும் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஓடிப் போய், “வண்டியில வாங்கக்கா, கொண்டுபோய் வுடறேன்” என்றேன்.

“வேணாம் தம்பி, பஸ்ஸு வந்துரும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.