கதவோரம் வைத்த படம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்.

ஒக்லாந்தில் பூவைக் கண்டால் எனக்கு இன்னும் பயம். இங்கே பிறந்தநாளுக்கும் பூ, செத்தவீட்டுக்கும் அதே பூ. எங்கள் ஊரில் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் இல்லையென்று அர்த்தம். கடைசி மகன் குகனின் படத்துக்கு நான் ஒரு பூவும் வைத்ததில்லை. சண்டை நேரம் அரிசி வாங்கச் சைக்கிளில் போனவன். ஆறு வருடமாகத் தகவல் இல்லை. விசா படிவம் நிரப்பும்போது மருமகன் மெல்ல, "பிள்ளையள் நாலு எண்டு போடவோ, மாமி?" என்றார். பேனாவை வாங்கி, ஐந்து என்று நானே போட்டேன்.

இங்கே மங்கரே என்ற பகுதியில் சீனத் தோட்டக்காரர்கள் கன்பூசியஸ் என்ற ஞானிக்குக் கட்டிய பழைய கோயில் ஒன்று உண்டு. போன மாதம் அதற்குள்ளே கண்காட்சி. குடியேறிய ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு மேசை. எங்கள் மேசை என் பொறுப்பு. எனக்கு எழுத்துக் குறைவு, ஆனால் ஒரு சபையை அடுக்கத் தெரியாதவள் அல்ல. குத்துவிளக்கு, கூறைச்சேலை, குகன் காவடி எடுத்த படம் எல்லாம் வைத்துவிட்டு, நிறைகுடத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மேசையில் படம் இல்லை. கண்காட்சியை ஒழுங்குசெய்த ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண், செத்தவர்களின் பெயர்ப்பலகைகள் வைத்த சுவரில் அதை மாட்டி, செவ்வந்தி மாலையும் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்க் கத்தினேன்.

"நோ! நோ!"

ஹெலன் ஏதோ கேட்டாள். பேத்தி வேணி, "அம்மம்மா, உங்களுக்கு ஒரேஞ்ச் கலர் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறா," என்றாள்.

"அவன் சாகேல்லை எண்டு சொல்லடி!"

வேணி சொன்னதைக் கேட்டு ஹெலனின் முகம் சிவந்து போயிற்று. கோயிலைப் பார்க்கும் சீனக் கிழவர் வோங் முன்னுக்கு வந்தார். மாலையைக் கழற்றி நிறைகுடத்தின் கழுத்தில் போட்டார். படத்தை இரண்டு கையாலும் ஏந்திப்போய், வருகிறவர்கள் பெயர் எழுதும் கதவோர மேசையில், ரோட்டைப் பார்க்க வைத்தார்.

"ஹியர், லிவிங் பீப்பிள்," என்றார்.

ஆனாலும் மாலை விழுந்தது விழுந்ததுதானே? தெரியாமல் போட்டது கணக்கில் வருமா? அன்றிலிருந்து தபால்காரனைக் கண்டாலே நெஞ்சு பதறுகிறது. கடிதம் வரவேண்டும் என்றும் கும்பிடுகிறேன், வரக்கூடாது என்றும் கும்பிடுகிறேன். கண்காட்சி முடிந்தும் படம் அந்தக் கதவோரம்தான் நிற்கிறது. வீட்டுக்கு எடுக்கப் பயம். எந்தச் சுவரில் மாட்டுவது?

வேணி, இங்கே வா. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தாயே, நான் சொல்லச் சொல்ல உன் அப்பா எழுதிய இதை எழுத்துக்கூட்டியாவது வாசி. முதல் வரியிலிருந்து வாசி. ஐந்து என்றுதானே இருக்கிறது?