இடியின் தொண்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் கூடவே வரும். அவருக்கோ கோபம் என்பதே கிடையாது. ஆனால் அவர் குரலைக் கேட்டால் ஊரில் உள்ள கோபமெல்லாம் அந்த ஒரு தொண்டையில் குடியிருப்பதாகத் தோன்றும். "பால் வாங்கிட்டு வரவா?" என்று அவர் கேட்டால், யாரையோ தீர்த்துக்கட்டக் கிளம்புகிறார் என்று இருக்கும். கல்யாணமான புதிதில் மாடிவீட்டு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னை அடிக்கிறாராம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு நடந்தது என்னவென்றால், நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அவர் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடகராக வேண்டும் என்றுதான் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் உடைந்த குரல் கீழே இறங்க ஆரம்பித்து, இறங்கிக்கொண்டே போய்விட்டது. இசையமைப்பாளர்கள் வாசலில் எல்லாம் நின்றார். பாடச் சொல்லிக் கேட்டார்கள், பாராட்டினார்கள், தேநீர்கூடக் கொடுத்தார்கள். "குரல் பிரமாதம்யா. ஆனா இந்தக் குரல்ல காதலைச் சொன்னா பொண்ணு போலீசுக்குப் போயிடுவா" என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். கடைசியில் கோரஸில்தான் இடம் கிடைத்தது.

நானும் அங்கேதான் இருந்தேன். என் தொழில் கூட்டக் குரல். படத்தில் தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், "ஐயோ, யாராவது காப்பாத்துங்களேன்" என்று அலறும் பெண்களில் ஒருத்தி நான். பாட்டு என்றால் கோரஸில் நிற்பேன். முன் வரிசையில் நான், மைக்கிலிருந்து தள்ளிக் கடைசியில் அவர். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அந்தக் கடைசி ஆள் இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்பார். இவர் போவார். மறுபடியும் சொல்வார், மறுபடியும் போவார். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், நடையில் நின்று பாடினார். அப்படியும் அவர் குரல்தான் எடுப்பாகக் கேட்டது. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன், டேக் வீணானது. எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். இவர் மட்டும் உள்ளே வந்து, "என்னாலதான், மன்னிச்சிடுங்க" என்றார். அந்த இடத்தில் விழுந்தவள்தான் நான்.

எங்கள் கல்யாணமான வருஷம்தான் ஒரு நடிகர் சினிமாவுக்கு வந்தார். வாசலை அடைக்கும் தோள், பார்த்தால் நடுங்க வைக்கும் முகம். வாயைத் திறந்தால் சளி பிடித்த குழந்தை சிணுங்குகிற மாதிரி இருக்கும். வில்லன் வேடம், என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். படம் ஓட ஆரம்பித்ததும் ஜனங்கள் அந்த நடிகருக்கு 'இடி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இடித்தது யார், பெயர் யாருக்கு, பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

இடி ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கீச்சுக் குரலில் பேசினார்.

"தம்பி, இனிமே நீ எனக்கு மட்டும்தான் பேசணும். வேற யாருக்கும் வேண்டாம். வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. மாசாமாசம் சம்பளம் வீட்டுக்கு வந்துடும்."

"அண்ணே, நான் பாடறதுக்காக வந்தவன்..."

"பாடேன், யார் வேண்டாம்னா? எனக்கப்புறம் நீ என்ன வேணா பண்ணு. நான் இருக்கிறவரைக்கும் இந்தக் குரல் என்னுது."

இவர் தலையாட்டினார். பூம்பூம் மாடு தோற்றுப்போகும். அன்றிலிருந்து வாசல்படி தாண்டினால் தொண்டையை இறுக்கிக்கொண்டு மெல்லிய குரலில்தான் பேசுவார். "இன்னும் சளி சரியாகலையா சார்?" என்று மளிகைக்கடைக்காரர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இடிக்கு மேடை என்றால் உயிர். அங்கேயும் இவர்தான் போக வேண்டும். திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு மைக். முன்னால் இடி இணைப்பில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பார். ஒருமுறை பேச்சின் நடுவில் இடிக்குத் தும்மல் வந்துவிட்டது. மனிதர் தும்முகிறார், பேச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஜனங்கள் அதையும் ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்திருந்தவரின் பெண்டாட்டிக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இடிக்கு வசனம் மனதில் நிற்காது. ஞாபகம் வருவதற்குள் உதட்டை அசைத்துவிடுவார், வார்த்தை அப்புறம்தான் வரும். டப்பிங்கில் அந்த வெற்று உதட்டசைவுக்கு ஏதாவது போட்டு நிரப்ப வேண்டுமே! என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் அடித்தொண்டையில் ஒரு 'ம்' போட்டார். உதட்டுக்குப் பொருந்துவதற்காகப் போட்ட ஒட்டு அது. அதற்குத்தான் தியேட்டரில் விசில் பறந்தது. தெருவில் பிள்ளைகள் எல்லாம் 'ம்' போட்டுத்தான் பேசின. எங்கள் மகளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, இடி மாதிரி பேசிக் காட்டவா?" என்று இவரிடமே கேட்டாள். "பேசிக் காட்டும்மா" என்றார்.

இதற்கு நடுவில் என் தொண்டை கெட்டுப்போனது. இத்தனை வருஷம் அலறினால் வேறென்ன ஆகும்? உள்ளே காய் காய்த்திருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் பேசாத வீட்டை நினைத்துப் பாருங்கள்! இவர் திண்டாடிப் போய்விட்டார். பகலெல்லாம் இடிக்காகக் கர்ஜித்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வந்து பாடினார்.

'வாயைத் திறந்தொரு சண்டை போடு,
வெறிச்சோடிக் கிடக்குது நம்ம வீடு...'

பேசக் கூடாது என்பதால் அழத்தான் முடிந்தது. அந்தக் குரலில் காதல் வராது என்று சொன்னவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து அதைக் கேட்க வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் இன்னும் சில பாட்டுகள் கட்டினார். எல்லாம் வீட்டோடு சரி. "என்னைக்காவது என் பாட்டு வெளியில வரும் பாரு" என்பார். இந்த மனுஷன் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அது வர வேண்டும் என்றால் இடி போக வேண்டும். நான் காத்திருந்தேன். ஆமாம், ஒரு மனிதன் சாவதற்குத்தான் காத்திருந்தேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இடி போனார். இரங்கல் கூட்டத்தில் படத்துக்கு மாலை போட்டு, அவர் பேசிய வசனங்களை ஒலிபரப்பினார்கள். மண்டபமே விம்மியது. "இனி இந்தக் குரலை எப்பக் கேக்கப் போறோம்!" என்று பக்கத்தில் இருந்தவர் என் வீட்டுக்காரர் தோளிலேயே சாய்ந்து அழுதார். இவரும் கூடச் சேர்ந்து அழுதார். "நீங்க எதுக்குங்க அழறீங்க?" என்று அவர் காதைக் கடித்தேன்.

"நல்ல மனுஷன்" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

தெரிந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் இரண்டு நாள் தன் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கொடுத்தார். எல்லாப் பாட்டையும் அங்கே பதிவு செய்தோம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். முதல் வரி வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டுக்கு முன்னால் அந்த 'ம்'. இரண்டாவது வரிக்கு முன்னாலும் அதுவே. வீட்டில் கேட்டபோது என் காதில் அது உறைத்ததே இல்லை.

"என்னங்க, அந்த 'ம்' வேண்டாங்க."

"எந்த 'ம்'?"

போட்டுக் காட்டினோம். மறுபடியும் பாடினார், மறுபடியும் வந்தது. வராமல் பாட முயன்றால் மூச்சு தட்டியது, சுருதி நகர்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார். யாருக்கோ போட்ட ஒட்டு இவருடைய மூச்சாகவே ஆகிவிட்டிருந்தது. "இருக்கட்டும்மா, கேக்கறவங்க பாட்டைத்தானே கேப்பாங்க" என்றார் ஒலிப்பதிவாளர். கேட்பவர்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

பாட்டுக் கம்பெனி மேலாளர் முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். "இடி சார் பாடினதா? எங்கேருந்து கிடைச்சுது?"

"நான் பாடினது சார்" என்றார் இவர், இத்தனை வருஷத்தில் முதன்முறையாக வெளியாள் ஒருவர் முன் தன் குரலில்.

"அடேங்கப்பா! அப்படியே இருக்கே! மிமிக்ரில உங்களை அடிச்சுக்க ஆளில்ல சார்!"

நான் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். மேலாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இடியின் மகனைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்தார்.

"அங்கிள், எனக்கு எல்லாம் தெரியும்" என்றான் மகன். "உங்க பேர்ல போட்டா, செத்தவரைக் காப்பியடிச்சுப் பொழைக்கிறான்னு துப்புவாங்க. அப்பா பாடி வச்சிட்டுப் போனதுன்னு போட்டா ஊரே கேக்கும். நீங்களே சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? முடியாது!" என்றேன் நான். "உங்கப்பா இருந்தவரைக்கும் குரலைக் கடன் குடுத்தோம். செத்தப்புறமும் குடுக்கணுமா? எந்திரிங்க, கிளம்புங்க!"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாப் பாட்டையும் போடுவீங்களா?" என்று அவனைக் கேட்டார்.

"எல்லாத்தையும் போடுவோம் அங்கிள். ஆனா நீங்க இதுல ஒரு வரிகூட இனிமே எங்கயும் பாடக் கூடாது. யாராவது கேட்டா வம்பு. வாக்குக் குடுங்க."

கையை நீட்டிக் கொடுத்துவிட்டார். அவர்கள் போனபின் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாட்டு வெளியில வருதில்ல?" என்றார். நான் திட்டத் தெரியாமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

பாட்டுகள் வந்தன. கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டில், போகிற இடமெல்லாம் இடியின் பாட்டு. 'சண்டை போடு' பாட்டுக்குத்தான் அதிக மவுசு. ஒரு சாயங்காலம் டிவியில் இடியின் மனைவியைப் பேட்டி எடுத்தார்கள். "நான் அவரைத் திட்டிக்கிட்டே இருப்பேன். அதான் எனக்காக இப்படி ஒண்ணு பாடி வச்சிருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பாவி!" என்று சொல்லி அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கட்டின புருஷன் குரல் ஒரு பெண்ணுக்குத் தெரியாதா? பொய் சொன்னாளா, நம்பியே விட்டாளா, எனக்குத் தெரியாது. கண்ணீர் மட்டும் நிஜம். அது எனக்கு வந்திருக்க வேண்டிய பாட்டு, என் கண்ணீர்.

"பாவம் அந்தம்மா" என்றார் இவர்.

டிவியை அணைத்தேன். "எந்திரிங்க. எனக்குப் பாடுங்க, இப்பவே."

"வாக்குக் குடுத்திருக்கேனே..."

"எனக்கு நீங்க ஒண்ணுமே குடுக்கலையா?"

எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து பாடினார். வயசான பின்னும் அதே குரல், அதே குழைவு. இரண்டு வரிதான் போயிருக்கும், வாசல் மணி அடித்தது. அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்.

"அக்கா, இடி பாட்டு வச்சிருக்கீங்களா? கொஞ்சம் சத்தமா வைங்கக்கா. எங்கம்மாவுக்கு இதுன்னா உயிர்."

"டிவி இல்லம்மா" என்றேன். "என் வீட்டுக்காரர் பாடறார்."

"போங்கக்கா!" என்று அவள் சிரித்தாள். "சாருக்குப் பேசவே தொண்டை வராது..."

உள்ளே இருந்து அந்த மெல்லிய குரல் வந்தது: "டிவிதாம்மா. இதோ, சத்தம் வைக்கிறேன்."

என்னை யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. நன்றாக உரக்க, கட்டிடமே கேட்கிற மாதிரி, ஆசை தீரப் பாடினார். அந்தப் பெண் ஓடிப்போய்த் தன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். மூன்று பேரும் வாசலிலேயே நின்று கேட்டோம்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன குரல்க்கா! மனுஷன் போயிட்டாரே."

"ஆமாம்மா, போயிட்டார்" என்றேன்.